என் கழுத்து, உங்கள் முடிவு

கழுத்துப் பட்டையை இன்று கழற்றிவிடுவார்கள் என்ற நினைப்பிலேயே மூத்தவள் காலை ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆறு வாரம். தாடைக்குக் கீழே கெட்டி பிளாஸ்டிக், அதற்குள் வியர்வை, அதற்குள் அரிப்பு. தட்டில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்க முடியாது. கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்துச் சாப்பிட வேண்டும். முதல் பத்து நாள் வெறும் தண்ணீர்கூடத் தொண்டையில் முள்ளாக இறங்கியது. குரல் கரகரத்து, ஃபோனில் பேசினால் எதிர்முனையில் "சார்" என்றார்கள். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூக்கம், அதைத் தூக்கம் என்று சொல்ல முடியுமானால்.

எல்லாவற்றையும் ஒரே ஒரு பேச்சை நம்பித் தாங்கினாள். விரல் திரும்பி வரும்.

தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அந்த விரல்களைத் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. மூத்தவளும் அவள் தங்கையும் சேர்ந்து இரண்டு நாற்காலி போட்ட ஒரு பியூட்டி பார்லர் நடத்துகிறார்கள். முகத்துக்கும் முடிக்கும் இளையவள். புருவத்துக்கு மூத்தவள். இருபத்திரண்டு வருடம், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேர். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மீதியைக் கையில் முறுக்கி, தலையைச் சாய்த்துக்கொண்டு, விரல்களை விரித்து மடக்கி விரித்து மடக்கி ஒவ்வொரு முடியாகப் பிடுங்கும் வேலை. கழுத்து ஒரே பக்கமாக வளைந்து வளைந்து, எலும்புகளுக்கு நடுவே இருந்த ஜவ்வு இரண்டு இடத்தில் பிதுங்கித் தண்டுவடத்தை நெரித்துவிட்டது.

முதலில் நூல் நழுவியது. அப்புறம் ஜாக்கெட் கொக்கி போட முடியவில்லை. ஒருநாள் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே பாதித் தெரு நடந்திருந்தாள். அதற்குப் பிறகுதான் ஸ்கேன்.

கழுத்தில் கத்தி என்றதும் மாட்டேன் என்றாள். நாலு மாதம் மாட்டேன் என்றாள். ஐந்தாவது மாதம் அவள் கணவர் டாக்டரிடம் தனியாகப் பேசிவிட்டு வெளியே வந்து, "மூணு மாசத்துல விரல் பழையபடி ஆயிடுமாம். டாக்டரே சொல்லிட்டாங்க" என்றார். மறுநாள் காலையில் சரி என்றாள்.

இதுதான் இதுவரை.

அரை நாள் லீவு போட்டுவிட்டு அவள் கணவரும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்டில் ஏறினாலும் சும்மா வரமாட்டார். சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன வியாதி என்று சொல்லிவிடுவார். இன்று மூன்று மாடியும் வாயைத் திறக்கவில்லை. மூத்தவள் அதைக் கவனித்தாள். ராத்திரி சரியாகத் தூங்கியிருக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டருக்கு நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். பேச்சும் நடையும் வேகமான பெண். திரையில் எக்ஸ்ரேயைப் போட்டுக் காட்டினார். கழுத்தெலும்புகள் மேல் ஒரு சின்னத் தகடு, அதில் ஆறு திருகாணி.

"எல்லாம் வெச்ச இடத்துல உக்காந்திருக்கு. பட்டை இனிமே வேண்டாம்."

பட்டையைக் கழற்றியதும் கழுத்து அம்மணமாகிவிட்டதுபோல இருந்தது. தொண்டைக்குப் பக்கத்தில், மடிப்போடு மடிப்பாக, ஒரு விரல் நீளத்துக்குச் சிவந்த கோடு. டாக்டர் முழங்காலில் சுத்தியலால் தட்டினார். ஒரு காலுக்கு முன் ஒரு காலாகக் கோட்டில் நடக்கச் சொன்னார். போன தடவை இதே அறையில் மூன்றாவது அடியில் சுவரைப் பிடித்தவள், இந்தத் தடவை பத்து அடி நடந்தாள்.

"இப்ப கை. எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா மூடி மூடித் திறங்க. பத்து செகண்டு."

மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள்.

"பதிமூணு. ஆபரேஷனுக்கு முன்னாடி பதினொண்ணு. நல்லது."

"நல்லா இருக்கறவங்களுக்கு எத்தனை வரும், டாக்டர்?"

"இருபதுக்கு மேல."

"அப்ப பதிமூணு எப்படி நல்லது?"

"குறையலையே. அதுதான் நமக்கு முக்கியம்."

"எப்ப பழையபடி ஆகும்? மூணு மாசம்னு சொன்னீங்களாம். பாதி போயிடுச்சு. நான் கடைக்குப் போகணும்."

டாக்டரின் பேனா நின்றது. அவர் பார்வை மூத்தவளைத் தாண்டி, பின்னால் நாற்காலியில் இருந்த கணவரிடம் போனது. மூத்தவளுக்குத் தலையைத் திருப்ப வரவில்லை. நாற்காலியோடு உடம்பை மொத்தமாகத் திருப்பிக்கொண்டு பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மூணு மாசம்னு சொல்லலையேம்மா" என்றார் டாக்டர்.

ஃபைலைப் புரட்டி ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். ஒப்புதல் படிவம். மூன்றாவது வரியில் விரல் வைத்தார். கைவிரல்களின் பலமும் உணர்ச்சியும் முழுமையாகத் திரும்பாமல் போகலாம். மேலும் கெடாமல் தடுப்பதே இந்த அறுவை சிகிச்சையின் நோக்கம். இது நோயாளிக்கு விளக்கப்பட்டது.

கீழே கையெழுத்து. கோணல்மாணலாக, நடுங்கி நடுங்கி. அவளுடையதேதான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவள் கணவர் அட்டையில் செருகிக் கொண்டுவந்து நீட்டினார். "வழக்கமான பேப்பர்தான், எல்லார்கிட்டயும் வாங்குவாங்க" என்றார். கண்ணாடியைத் தேடக்கூடத் தோன்றாமல் போட்டுக் கொடுத்தாள்.

"கையெழுத்து என்னுது. அதை இல்லைன்னு சொல்லல" என்றாள் மூத்தவள். குரல் கரகரவென்று வந்தது. "இந்த மூணாவது வரியை எனக்கு யாரு விளக்கினாங்க, டாக்டர்?"

"முதல் தடவை வந்தப்ப நீங்க ரொம்ப அழுதீங்க. அடுத்த தடவை உங்க வீட்டுக்காரர், எங்ககிட்ட சொல்லுங்க, நாங்க பக்குவமா எடுத்துச் சொல்லிக்கறோம்னு காரிடாருக்குக் கூப்பிட்டாரு. அங்க நின்னு எல்லாத்தையும் சொன்னேன்."

"கழுத்து அப்ப எங்க இருந்துச்சு? காரிடார்லயா, உள்ளயா?"

டாக்டர் படிவத்திலிருந்து விரலை எடுத்தார்.

"உள்ள இருந்துச்சு" என்றார். "நான் உள்ள வந்து உங்ககிட்ட சொல்லியிருக்கணும். அது என் தப்புதான்."

வாதாடுவார் என்று மூத்தவள் நினைத்திருந்தாள். வாதாடியிருந்தால் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். இப்படிச் சட்டென்று ஒப்புக்கொண்டதும் வாய் வரைக்கும் வந்த கோபம் போக வழியில்லாமல் அங்கேயே நின்றது.

"சரி. இப்ப சொல்லுங்க. எதையும் பாக்கி வைக்காம."

டாக்டர் நாற்காலியை இழுத்து அவளுக்கு நேரே போட்டுக்கொண்டார். "நரம்பு ரொம்ப நாளா நசுங்கிக் கிடந்துச்சு. நசுக்கினதை எடுத்தாச்சு. இனிமே நடை கெடாம இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. கை கொஞ்சம் கொஞ்சமாத் தேறலாம். ஒரு வருஷம் வரைக்கும் பாக்கலாம். எவ்வளவு தேறும்னு எனக்குத் தெரியாது. நூல் பிடிக்கற அளவுக்கு வரும்னு நான் சொல்லமாட்டேன்."

"பண்ணாம விட்டிருந்தா?"

"நடக்க முடியாமப் போயிருக்கலாம். எப்பன்னு சொல்ல முடியாது."

மூத்தவள் எழுந்தாள். நன்றி என்று சொன்னாள். அது டாக்டருக்காகச் சொன்னதா, பழக்கத்தில் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

வாசலில் வண்டிகள் நிற்கும் இடம் வரைக்கும் இருவரும் நடந்தார்கள். கணவர்தான் ஆரம்பித்தார்.

"நான்தான் மறைச்சேன். திட்டறதுன்னா திட்டு."

"எதுக்கு மறைச்சீங்க?"

"சொல்லியிருந்தா நீ ஒத்துக்கிட்டிருப்பியா?"

"தெரியல."

"தெரியலைன்னா எப்படி? மாட்டேன்னுதான் சொல்லியிருப்ப."

"தெரியலைன்னா தெரியலைங்க. அதைத்தானே நீங்க எடுத்துட்டீங்க. நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாமப் பண்ணிட்டீங்க."

அவர் கையிலிருந்த ஃபைலை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். "மாடிப்படியில ரெண்டு தடவை விழுந்த. ரெண்டாவது தடவை தூக்கினவன் நான். இன்னொரு தடவை தூக்கற தைரியம் எனக்கு இல்ல."

"உங்க தைரியத்துக்கு என் கழுத்தா?"

"அப்படி இல்ல..."

"லிஃப்ட் ரிப்பேரா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

அவர் விழித்தார்.

"வெளிய போர்டு மாட்டுவீங்க. ஏறப்போறவங்க யாரு எவருன்னே தெரியாது. இருந்தும் மாட்டுவீங்க. இருபத்தாறு வருஷமா உங்களுக்குச் சோறு போட்டவளுக்கு ஒரு போர்டு மாட்டத் தோணலையா?"

பக்கத்தில் வண்டி எடுக்க வந்த ஒருவர் சாவியைத் தொலைத்தவர்போலப் பையைத் துழாவிக்கொண்டே நின்றார்.

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம். வண்டியைக் கூப்பிடறேன்."

"நான் கடைக்குப் போறேன். பஸ்ல."

"பஸ்ல குலுங்கும். கழுத்து..."

"அதைப் பத்தி நீங்க பேசாதீங்க."

பஸ்ஸில் முன்னிருக்கையில் இடம் கிடைத்தது. மடியில் கையை வைத்துக்கொண்டு விரல்களை மூடித் திறந்தாள். மோதிர விரலும் சுண்டுவிரலும் மற்ற விரல்களோடு சேர மறுத்துத் தனியே விலகி நின்றன. ஆறு வாரமாகத் தினமும் அவற்றிடம் நல்ல வார்த்தை பேசிக்கொண்டிருந்தாள். சின்னக் குழந்தையிடம் பேசுவதுபோல. அதை நினைக்க நினைக்க முகம் கொதித்தது.

பார்லர் கதவைத் தள்ளியபோது மணி பன்னிரண்டு.

அவளுடைய நாற்காலியில் ஒரு வாடிக்கையாளர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். பின்னால், மூத்தவள் நிற்கும் இடத்தில், நாற்பது வயதிருக்கும் ஒருத்தி பல்லில் நூலைக் கடித்தபடி குனிந்திருந்தாள். அடுத்த நாற்காலியில் யாருக்கோ நீராவி பிடித்துக்கொண்டிருந்த இளையவள் நிமிர்ந்தாள்.

"அக்கா... பட்டை எடுத்துட்டாங்களா? ஒரு ஃபோன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

புதியவள் வாயிலிருந்து நூலை எடுத்துவிட்டு நின்றாள்.

"முடிங்க" என்றாள் மூத்தவள். "ஒத்தைப் புருவத்தோட யாரையும் அனுப்ப வேண்டாம்."

நின்று பார்த்தாள். அவசரமில்லாத கை. வில் வளைகிற இடத்தில் ஒரு முடி அதிகம் எடுக்கவில்லை, ஒரு முடி விடவில்லை. நல்ல வேலைக்காரி. அதனாலேயே எரிச்சல் இன்னும் கூடியது.

வாடிக்கையாளர்கள் இருவரும் போனபிறகு கேட்டாள். "எப்ப சேந்தீங்க?"

"என்னை வேலைக்குப் பேசி ஏழு வாரம் ஆச்சுங்க. உங்களுக்கு ஆபரேஷன் நடக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே சொல்லிட்டாங்க. அந்த ஒரு வாரம் உங்க தங்கச்சி வீட்டுல கை பழகிட்டு, நீங்க அட்மிட் ஆன அன்னைக்கு இங்க வந்தேன்."

"எத்தனை நாளைக்குன்னு சொன்னாங்க?"

புதியவள் இளையவளைப் பார்த்தாள். "நிரந்தரம்னுதான்..." என்று இழுத்தாள். பிறகு, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மூத்தவள் தங்கையைப் பார்த்தபடி நின்றாள்.

"மருந்து வாங்கிட்டு வீட்டுக்கு வந்தப்பல்லாம் சொன்ன. கடையை நான் ஒருத்தியே சமாளிக்கறேன், உன் நாற்காலி அப்படியே இருக்குன்னு. சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"அப்ப உனக்கும் தெரியும்."

இளையவள் தலையாட்டினாள்.

"கத்தி வைக்கறதுக்கு முன்னாடியே என் இடத்துக்கு ஆள் பாத்துட்ட. நான் செத்திருந்தாக்கூட ஒரு வாரம் பொறுத்திருப்ப."

"அப்படிப் பேசாத."

"வேற எப்படிப் பேசணும், சொல்லிக் குடு. எனக்கு என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாதுன்னு எல்லாம் நீங்கதானே முடிவு பண்றீங்க."

இளையவள் கையிலிருந்த துண்டைத் தூக்கி வாளியில் எறிந்தாள். அவளுக்கும் பொறுமை தீர்ந்துவிட்டது.

"நாலு மாசம் மாட்டேன் மாட்டேன்னு நின்னியே, அப்ப இங்க என்ன நடந்துச்சுன்னு தெரியுமா உனக்கு? நீ தோலைக் கிள்ளி விட்டவங்களை உள்ள கூட்டிட்டுப் போய் ஐஸ் வெச்சு அனுப்பினது யாரு? ஒருத்திக்குப் புருவம் பாதி போச்சு. பென்சில்ல வரைஞ்சு விட்டு, கால்ல விழாத குறையா மன்னிப்புக் கேட்டேன். உன் காதுக்கு ஒண்ணாவது வந்துச்சா? வரவிட்டேனா?"

மூத்தவளுக்கு இது புதிது. நூல் நழுவியது தெரியும். வலிக்கிறது என்று யாரும் சொன்னதில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பொய்" என்றாள்.

"பொய்யா?" இளையவள் நேரே போய் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து சாய்ந்தாள். கண்ணை மூடினாள். "இந்தா. பண்ணு. என் புருவத்துல பண்ணு."

மூத்தவள் நூலை எடுத்தாள்.

முனையைப் பல்லில் கடித்தாள். முறுக்கினாள். தலையைச் சாய்க்கப் போனாள், கழுத்து வரவில்லை. முழங்காலை மடக்கி உடம்பையே சாய்த்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விரிந்தன. பின்னால் இரண்டு விரல் பிடியை விட்டன. முறுக்கு அவிழ்ந்தது. மறுபடி முறுக்கினாள். மறுபடி அவிழ்ந்தது. மூன்றாவது தடவை நூல் முடியோடு தோலையும் சேர்த்துக் கவ்வியது. புருவத்துக்குக் கீழே கடுகளவு ரத்தம் எட்டிப்பார்த்தது.

இளையவள் முகத்தைச் சுளிக்கவில்லை. மூடிய கண்ணோரம் மட்டும் ஈரமாயிற்று. அது வலியால் இல்லை.

மூத்தவள் பஞ்சை எடுத்து அந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். வெகுநேரம் அழுத்திக்கொண்டே நின்றாள்.

"இதையும் நான்தான் பாத்திருக்கணும்" என்றாள். "ஏழு வாரத்துக்கு முன்னாடி. இதே மாதிரி நீ வந்து உக்காந்திருக்கணும். அப்புறம் நான் முடிவு பண்ணியிருப்பேன்."

"மனசு வரலைக்கா."

"எனக்கு வந்திருக்கும். புதுசா வந்த அந்தம்மா இங்கயே இருக்கட்டும். கை நல்லாருக்கு. நான் இந்தக் கடையில எங்க நிப்பேன், எங்க உக்காருவேன்னு நான் சொல்றேன். நீ எனக்கு இடம் பாத்து வைக்காத."

"சரி."

"இன்னும் என்ன மறைச்சிருக்க? இப்பவே சொல்லிடு. நாளைக்கு இன்னொண்ணு தெரிஞ்சுதுன்னா நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

"வேற ஒண்ணும் இல்ல. எங்களுக்கு மட்டும் சந்தோஷமா? அன்னைக்கு அந்தக் காரிடார்ல மூணு பேரும் எவ்வளவு அழுதோம்னு..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மூணு பேரா?"

இளையவள் எழுந்து பஞ்சை வாங்கிக்கொண்டு வாஷ்பேசின் பக்கம் போனாள். குழாயைத் திறந்தாள்.

"டாக்டரைச் சொல்றியா?"

தண்ணீர் மட்டும் ஓடியது.

"குழாயை மூடு."

மூடினாள்.

"மாமா ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு" என்றாள் சுவரைப் பார்த்தபடி. "பாப்பா லைன்ல இருந்தா. மாமா உன்கிட்ட சொல்லிடலாம்னுதான் கிளம்பினாரு. கதவு வரைக்கும் வந்துட்டாரு. பாப்பாதான் வேண்டாம்னா."

பாப்பா. இருபத்து நாலு வயது. மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. ஒரே மகள். இந்த ஆறு வாரமும் ஒருநாள் தவறாமல் சாயங்காலம் கூப்பிட்டு, "விரல் எப்படிம்மா இருக்கு? கொஞ்சமாவது வருதா?" என்று கேட்டவள். அவள் சந்தோஷப்பட வேண்டுமே என்று, வராத விரலை வருகிறது வருகிறது என்று மூத்தவளும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கணவரிடம் வந்த கோபத்துக்கு வார்த்தை கிடைத்தது. தங்கையிடம் வந்ததற்கும் கிடைத்தது. இதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. ஃபோனை எடுத்து, இடது கட்டைவிரலால் மெதுவாக மகளின் எண்ணை அழுத்தினாள்.

இரண்டாவது மணியிலேயே பாப்பா எடுத்துவிட்டாள். "அம்மா, பட்டை எடுத்தாச்சா? டாக்டர் என்ன சொன்னாங்க?"

"டாக்டர் சொன்னது இருக்கட்டும். காரிடார்ல நீ என்ன சொன்ன? அதைச் சொல்லு முதல்ல."

அந்தப் பக்கம் ஆபீஸ் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். ஒரு கதவு மூடிய சத்தம்.

"அப்பா சொல்லிட்டாரா?"

"அப்பா உன்னைக் காட்டிக் குடுக்கல. எல்லாம் நான்தான்னு நிக்கறாரு."

"அம்மா, நான் எதுக்கு அப்படிச் சொன்னேன்னு உங்களுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. ஃபோன்ல சொல்ல முடியாதும்மா. சனிக்கிழமை கிளம்பி வரேன்."

"வராத. வந்தா அப்பா முதுகுக்குப் பின்னால நிப்ப, இல்லைன்னா சித்தி முதுகுக்குப் பின்னால நிப்ப. நான் அங்க வரேன். ரெண்டரை மணிக்கு பஸ் இருக்கு."

"இன்னைக்கேவா? இந்தக் கழுத்தோட எப்படிம்மா..."

"கழுத்தை இங்க வெச்சுட்டா வர முடியும்?"

ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவள் கணவர் நின்றுகொண்டிருந்தார். ஃபைல் கக்கத்தில். எப்போது வந்தாரோ, உள்ளே வரத் துணியாமல் நின்றிருக்கிறார்.

மூத்தவள் கதவைத் திறந்து கையை நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளப் போனார்.

"ஃபைலைக் குடுங்க" என்றாள்.

வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். எங்கே போகிறாய் என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், தலையைத் திருப்பாமல், பஸ் நிலையம் இருக்கும் பக்கமாக நேராக நடந்தாள்.

(தொடரும்)